ஏகாதசி நாய்க்கு வந்த நோட்டீஸ்

ஐம்பத்திரண்டு வயதில் நாய் ஹாஸ்டல் ஆரம்பிக்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "நாய்க்கா?" என்றார். அவருக்கு நாய் என்றால் குலை நடுங்கும். தூங்குகிற தெருநாயைக்கூட எதிர்ப்பக்கம் போய்ச் சுற்றிக்கொண்டு கடப்பவர். நானோ ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் பாதி ஆயுளைக் கழித்திருந்தேன். ஃபீஸ் கட்ட வருகிற பெற்றோர், கட்டாமல் இழுத்தடிக்கிற பெற்றோர், கட்டிவிட்டு ரசீதைத் தொலைத்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வருகிற பெற்றோர் என்று பார்த்துப் பார்த்து மனிதர்களே போதும் என்றாகிவிட்டது. நாய் ரசீது கேட்காது என்று நினைத்தேன். அந்த ஒரு விஷயத்தில் நான் நினைத்தது சரிதான்.

முதலில் காட்டூரில் எங்கள் வீட்டு மாடியிலேயே ஆரம்பித்தேன். ஊருக்குப் போகிறவர்கள் நாயைக் கொண்டுவந்து விடுவார்கள். திரும்பி வரும்வரை நான் பார்த்துக்கொள்வேன். முதல் வாரம் ஒரு பொமரேனியன் வந்தது. அது நிலாவைப் பார்த்தாலும் குரைத்தது, நிலா இல்லாவிட்டாலும் குரைத்தது. பின்வீட்டுக்காரர் முதலில் ஜாடையாகச் சொன்னார், பிறகு சத்தமாகச் சொன்னார், அப்புறம் எழுதியே கொடுத்துவிட்டார். குடியிருப்புப் பகுதியில் நாய் விடுதி நடத்தக்கூடாது என்று எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது.

இந்த நோட்டீஸ் சமாசாரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாய் விடுதி நடத்துகிறவர் விதியை மீறினால் போலீஸ் வராது. கோர்ட்டுக்கு இழுக்க மாட்டார்கள். ஓர் அதிகாரி வருவார், சுற்றிப் பார்ப்பார், ஒரு காகிதம் கொடுப்பார். குறை என்ன, அபராதம் எவ்வளவு, எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். சரிசெய்துவிட்டால் மறு ஆய்வுக்கு வந்து 'குறை நிவர்த்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். செய்யாவிட்டால் அபராதம் ஏறும். குறை மேல் குறை வந்து, கடைசியில் ஒன்று சரியாகாமலே நின்றுவிட்டால் உரிமம் ரத்து. கேட்பதற்குச் சாதுவான ஏற்பாடு. ஆனால் ஜெயிலுக்குப் போகிறவனுக்காவது ஊரே அனுதாபப்படும். நாய்க்கூண்டு சின்னதாக இருக்கிறது என்று அபராதம் கட்டுகிறவளைப் பார்த்து யார் உச்சுக்கொட்டப் போகிறார்கள்? என் நாத்தனார் போன் செய்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பியது. திருவெள்ளறைக்குப் பக்கத்தில், துறையூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்களுக்கு ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. என் பி.எஃப். பணம் முழுவதையும் அதில் கொட்டி ஷெட் போட்டேன். தடுப்புச் சுவர், தண்ணீர்த் தொட்டி, விசிறி, நாங்கள் தங்க ஒரு சின்ன வீடு எல்லாம் எழும்பின. உரிமம் என் பெயரில் வந்தது. வாசலில் என் பெயர் போட்டு ஒரு பலகை மாட்டினோம். அதற்குமுன் என் பெயர் கல்யாணப் பத்திரிகையிலும் ரேஷன் கார்டிலும்தான் அச்சில் வந்திருந்தது. நாய் ஹாஸ்டல் பலகைதானே என்று நீங்கள் சிரிக்கலாம். நான் தினமும் அதை ஈரத்துணியால் துடைத்தேன்.

அந்தப் பக்கத்துக்கு ஆய்வுக்கு வருகிறவர் சின்ன வயசுக்காரர். மாட்டு டாக்டருக்குப் படித்தவர். முழுக்கைச் சட்டை போட்டு, இடுப்பில் அளவு டேப்பைச் செருகிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் பைக்கில் வந்து இறங்குவார். காபி கொடுத்தால் குடிக்கமாட்டார், தண்ணீர்கூடத் தன் பாட்டிலிலிருந்துதான். நாய்களிடம் "வாடா என் ராஜா, என் தங்கம்" என்று குழைவார். என் பக்கம் திரும்பினால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும்.

முதல் தடவை வந்தபோது தடுப்புச் சுவரை அளந்து நாலு விரல் குறைகிறது என்றார்.

"சார், இந்த நாலு விரலை நாய் தாண்டிடுமா?" என்றேன்.

"நாய் தாண்டாதுங்க மேடம். நீங்க தாண்டிட்டீங்க."

நோட்டீஸ். அபராதம். கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு வரிசை செங்கல் ஏற்றினேன். அடுத்த தடவை, ஷெட்டைக் கழுவிவிடும் தண்ணீர் பக்கத்து மல்லிகைத் தோட்டத்துக்குள் ஓடுகிறது என்றார். தோட்டக்காரரோ வேலியோரம் நின்று, "ஓடட்டும் சார், அந்தப் பாத்திதான் நல்லா பூக்குது" என்றார். பூத்தாலும் விதி விதிதான். நோட்டீஸ். அபராதம். வடிகால் குழி வெட்டினேன். இரண்டுக்கும் 'குறை நிவர்த்தி' வாங்கிவிட்டேன். ஆனால் மூன்றாவதாக ஒன்று வந்து அது மறு ஆய்வில் தேறாமல் போனால் பலகையைக் கழற்ற வேண்டியதுதான் என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எனக்கு வருகிற வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருப்பார்கள். பிரசவம், பேரன் பூணூல் என்று ஆறு மாதம் போவார்கள். நாயைக் கொண்டுவந்து விடும்போது அதோடு ஒரு சம்பிரதாயமும் வரும். இதுக்கு வெங்காயம் பூண்டு ஆகாது, அதுக்கு விளக்கேற்றாமல் ராத்திரி சாப்பாடு போடக்கூடாது என்பார்கள். என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "போன ஜென்மத்துல இதெல்லாம் நம்மைவிடப் பெரிய ஆளுங்களா இருந்திருக்கும்" என்பார்.

இந்தக் கதையின் லாப்ரடாரை உத்திர வீதியிலிருந்து ஒரு மாமாவும் மாமியும் கொண்டுவந்து விட்டார்கள். பெண்ணுக்குப் பிரசவம், அமெரிக்கா பயணம். மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது, வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். பளிச்சென்று திருமண், அதைவிடப் பளிச்சென்ற குரல். நாய்க்கு ஆறு வயது. அதற்கு இடுப்பு எங்கே என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"எல்லாம் சாப்பிடுவான். ஒண்ணும் படுத்தமாட்டான்" என்றார் மாமா. "ஏகாதசி அன்னிக்கு மட்டும் உபவாசம். மறுநாள் துவாதசி காலம்பற பாரணை, விரதத்தை முடிக்கற சாப்பாடு. அகத்திக்கீரை கொஞ்சம் சேர்த்துடுங்கோ."

"நாய்க்கா மாமா?" என்றேன். வீட்டுக்காரர் என்னிடம் கேட்ட அதே தொனியில் கேட்டேன்.

"நாங்க யாரும் அவனைக் கட்டாயப்படுத்தலே. பெருமாள் தளிகை கிடையாது அன்னிக்கு, சாதமே வடிக்கமாட்டா. அவனுக்குன்னு தனியா அடுப்பு மூட்டுவாளா? குட்டியா வந்ததிலேர்ந்து ஒரு ஏகாதசி தப்பினதில்லே."

மாமி பக்கத்திலிருந்து, "நான் பலகாரம் பண்ணிச் சாப்பிடுவேன், ரவா உப்புமா, பழம்னு. இவர்தான் வெறும் தீர்த்தம். அது இவர் கட்சி" என்றாள்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. மாமா சொன்னால்தான் அந்த நாய் தட்டில் வாய் வைக்கும். அதனால் தினமும் இரண்டு வேளையும் போனில் வீடியோவில் வருவார். இங்கே காலை என்றால் அங்கே ராத்திரி, இங்கே சாயங்காலம் என்றால் அங்கே விடியற்காலை. நான் தட்டை வைத்துவிட்டுப் போனை நீட்டுவேன். "டேய், சாப்பிடுடா!" என்று வகுப்பறைக் குரலில் ஓர் அதட்டல். அவ்வளவுதான், தட்டு காலி. ஏகாதசி அன்றைக்கு மட்டும் மாமா போனில் வரமாட்டார். நாயும் தட்டைத் திரும்பிப் பார்க்காமல் தலையைக் காலில் வைத்துப் படுத்திருக்கும். அதற்குத் திதியெல்லாம் தெரியுமா, மாமா வராததுதான் தெரியுமா என்று எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரு வாக்குவாதமே நடந்தது. இரண்டு ஏகாதசி ஒரு வம்புமில்லாமல் போயிற்று.

மூன்றாவது ஏகாதசி அன்றைக்குச் சாயங்காலம், நாய்களெல்லாம் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிற நேரமாகப் பார்த்து பைக் சத்தம் கேட்டது.

அதிகாரி வரிசையாகத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். லாப்ரடாரின் அறை முன்னால் நின்றார். அதன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

"இதுக்கு ஏன் போடல?"

"இன்னைக்கு ஏகாதசிங்க சார்."

"சரிங்க, நீங்க விரதம். நாய்க்கு ஏன் போடல?"

"நான் காலையில நாலு இட்லி சாப்பிட்டேன் சார். விரதம் நாய்க்குத்தான்."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். விடுதியில் இருக்கும் ஒவ்வொரு நாய்க்கும் தினமும் இரண்டு வேளை உணவு என்பது விதி. அதில் திதி, வாரம், நட்சத்திரம் எதுவும் கிடையாது.

எனக்குப் பதறிவிட்டது. பதற்றத்தில் புத்தி எங்கே வேலை செய்யும்? உள்ளே ஓடி, தயிர்சாதத்தைப் பிசைந்து கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தேன். "பாருங்க சார், கொடுத்தா சாப்பிடும்" என்றேன். லாப்ரடார் எழுந்தது, முகர்ந்தது, என்னை ஒரு பார்வை பார்த்தது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

"பட்டினி கிடக்குற நாய் சோத்தைப் பார்த்துத் திரும்பிக்குது. அப்ப உடம்பு சரியில்ல. டாக்டர்கிட்டக் காமிச்சீங்களா?" இரண்டாவது வரி எழுதினார்.

"உடம்புக்கு என்ன சார்? உருளைக்கிழங்கு மூட்டை கணக்கா இருக்கு."

"அளவுக்கு மீறின பருமனும் நோய்தாங்க மேடம்." அதையும் எழுதினார்.

"ஐயோ சார், அமெரிக்காவுல இருந்து மாமா சொன்னாத்தான் அது சாப்பிடும்!"

"அப்ப இத்தனை நாளா உங்ககிட்ட அது பழகவே இல்லையா?" அதுவும் ஒரு வரி ஆயிற்று. தூரத்தில் பாதுகாப்பாக நின்றிருந்த என் வீட்டுக்காரர், வாயை மூடு என்று இரண்டு கையாலும் சைகை காட்டினார். நான் உண்மை பேசப் பேசக் காகிதம் நிரம்பிக்கொண்டே போயிற்று. மாமாவுக்குப் போன் போட்டேன். ஏகாதசி நாள், எடுக்கவில்லை. அதிகாரி நாயை முன்னும் பின்னும் படம் பிடித்துக்கொண்டார். மறு ஆய்வில் இதே நாய் தன் கண் முன்னால் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் உரிமத்தை ரத்து செய்ய எழுதுவதைத் தவிர தனக்கு வேறு வழி கிடையாது என்று மரியாதையாகச் சொன்னார். பதினைந்து நாள் கழித்து மறு ஆய்வு.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரர் தினசரி காலண்டரின் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்து என்னிடம் வந்தார்.

"பதினஞ்சாம் நாள் என்ன தெரியுமா? மறுபடியும் ஏகாதசி."

ஏகாதசி பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வரும். ஆபீஸ்காரர்கள் எதற்கெடுத்தாலும் கொடுப்பதும் பதினைந்து நாள் தவணை. ஏகாதசியில் பிடிபட்டவளுக்கு எத்தனை தவணை கொடுத்தாலும் அது ஏகாதசியில்தான் போய் விழும். மறுநாளே அந்த ஆபீசுக்குப் போன் செய்து, ஒரு நாள் முன்னால் வாருங்கள், பின்னால் வாருங்கள் என்று கெஞ்சினேன். "அது கம்ப்யூட்டர் போடுற தேதிம்மா, நாங்க மாத்த முடியாது" என்றது ஒரு குரல். வேறொரு லாப்ரடாரை நிறுத்திவிடலாமே என்று வீட்டுக்காரர் யோசனை சொன்னார். நாய் பக்கமே போகாதவருக்கு எல்லா லாப்ரடாரும் ஒன்றுதான். அதிகாரி பிடித்த படங்களை ஞாபகப்படுத்தினேன்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன், பலகையைப் பற்றிச் சொல்லும்போது அழுதுவிட்டேன். இது போனால் எனக்கு வேறொன்றும் இல்லை மாமா என்று சொல்லிவிட்டேன்.

மாமா தாடையைத் தடவினார். "எட்டு வயசுக்குக் கீழே, எண்பது வயசுக்கு மேலே ஏகாதசி கட்டாயமில்லைன்னு சொல்லியிருக்கா. இவனுக்கு ஆறுதானே ஆறது? விலக்கு உண்டு" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது.

பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. "நாய்க்கு ஒரு வயசுன்னா நமக்கு ஏழு வயசுன்னு மாப்பிள்ளை சொன்னாரே! அப்போ இவனுக்கு நாப்பத்திரண்டுன்னா!"

வந்த உயிர் மறுபடி போயிற்று. இருவரும் என்னை மறந்துவிட்டு நாயின் வயதைப் பற்றி வெகுநேரம் தர்க்கம் செய்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மாமாவே கூப்பிட்டார். "யோசிச்சுப் பார்த்தேன். உங்க ஜீவனத்துக்கு இவனால குறை வரப்படாது. அவனுக்குச் சாதம் போடுங்கோ, நான் போனில் வந்து சொல்றேன். அவனோட அந்த ஒரு உபவாசத்தை நான் எடுத்துக்கறேன்."

அவர் எப்படியும் ஏகாதசிக்குப் பட்டினிதானே இருக்கப்போகிறார், அதோடு இதையும் சேர்த்துக்கொள்வார் போலிருக்கிறது என்று நினைத்து ஆயிரம் தடவை தேங்க்ஸ் சொன்னேன். அதற்கப்புறம் நாள்தோறும் மாமியிடம் பேசியதெல்லாம் சுவர், தட்டு, மறு ஆய்வு, என் உரிமம் என்றே இருந்தது.

அந்த நாளும் வந்தது. ஷெட்டைப் பளபளவென்று கழுவினேன். பிளாஸ்டிக் நாற்காலியில் சொம்பை வைத்து, அதில் போனைச் சாய்த்து, லாப்ரடாரின் மூக்குக்கு நேராக நிறுத்தினேன். முன்னால் தயிர்சாதம். சாயங்காலச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்த அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர், வாழ்க்கையிலேயே முதல் முறையாக, ஷெட்டுக்குள் வந்து என் பக்கத்தில் நின்றார்.

போனில் மாமா வந்தார். திருமண் இருந்தது. முகம் மட்டும் சுருங்கியிருந்தது.

"டேய்..." என்றார். காற்றுதான் வந்தது. "சாப்... சாப்பிடுடா..."

நாய் காதைத் தூக்கியது. போனை முகர்ந்தது. சொம்புக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தது. அதற்குத் தெரிந்த அதட்டல் இது இல்லை. மெல்ல முனகிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. தட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாமா இன்னொரு தடவை முயன்றார், இருமல்தான் வந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"குரல் எப்படி எழும்பும்?" மாமி பின்னாலிருந்து வந்து போனுக்குள் முகத்தைக் காட்டினாள். "இந்தத் தடவை இந்த ஊர்ல ஏகாதசி நேத்திக்கே வந்துடுத்து. நேத்தி முழுக்கத் தனக்காகத் தீர்த்தம். இன்னிக்குத்தான் அங்கே ஏகாதசியாம், அதனால இன்னிக்கு அவனுக்காகத் தீர்த்தம். துவாதசி பாரணைக்கு எல்லாம் பண்ணி வச்சுண்டு விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து நிக்கறேன். தொடமாட்டேங்கறார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு நாள்! எழுபத்தெட்டு வயசு! ஒரு நாய்க்காக, இல்லை, எனக்காக.

"மாமா, வேண்டாம் மாமா, சாப்பிட்டுடுங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "எடுத்துண்ட விரதம்" என்று உதடு அசைந்தது.

அதிகாரி குனிந்து நாற்காலியிலிருந்து போனைக் கையில் எடுத்தார்.

"சார், வணக்கம். நோட்டீஸ் கொடுத்தது நான்தான். நாய் சாப்பிடணும்னா உங்க குரல் வரணும். குரல் வரணும்னா நீங்க சாப்பிடணும். நீங்க சாப்பிடாம இருந்தா நாய் சாப்பிடாது. நாய் சாப்பிடலைன்னா இந்தம்மாவோட பொழைப்பு போயிடும். எதுக்காக விரதத்தை எடுத்துக்கிட்டீங்களோ அது நடக்காம போயிடும்ல சார்?"

மாமா கண்ணை மூடிக்கொண்டார். பாடத்தில் மாணவன் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டால் வாத்தியார்கள் அப்படித்தான் கண்ணை மூடுவார்கள். பிறகு "பெருமாளே" என்று மாமியிடம் கையை நீட்டினார். தட்டு வந்தது. அந்த ஊரில் அகத்திக்கீரை பாக்கெட்டில் உறைந்து கிடைக்குமாம், அதைத்தான் செய்திருந்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மாமா ஒரு வாய், இரண்டு வாய் சாப்பிட்டார். மோர் குடித்தார். தொண்டையைச் செருமினார்.

"டேய்! சாப்பிடுடா!"

லாப்ரடார் தட்டுக்குள் விழுந்தது. ஷெட்டிலிருந்த மற்ற நாய்களெல்லாம் ஆளுக்கொரு பக்கம் குரைத்தன. என் வீட்டுக்காரர் தன்னை மறந்து அதன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அப்புறம்தான் என்ன செய்தோம் என்று உறைத்து, கையைப் பார்த்துக்கொண்டே நாலடி பின்னால் போனார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, சந்தோஷத்தில் சிரிப்பும் வந்தது. அதிகாரி போனை என்னிடம் கொடுத்துவிட்டு நோட்டீஸை விரித்து, 'ஆய்வின்போது' என்று எழுத ஆரம்பித்தார்.

போனில் மாமி மாமாவுக்கு இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி பிடித்த கை நடுங்கியது. அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"மாமி, நீங்க சாப்பிட்டீங்கதானே?"

"அவர் ரெண்டு நாளா வாயில ஒண்ணும் போட்டுக்கலே. நான் மட்டும் உப்புமாவைக் கிண்டி உக்காந்து சாப்பிடறதா?" என்றாள்.

மாமாவின் கை பாதியில் நின்றது. "நீயும் சாப்பிடலியா? சொல்லவே இல்லையே!"

"யார் கேட்டா?" என்றாள் மாமி. கோபமில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "நாய்க்குன்னா கேக்கறதுக்கு ஒரு ஆபீசர் இருக்கார்."

லாப்ரடார் காலித் தட்டை நக்கிக்கொண்டிருந்தது.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். சொம்பை இறக்கி வைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார்.

"அம்மா, நீங்களும் ஒரு தட்டு எடுத்துக்கிட்டு உக்காருங்க. மெதுவா சாப்பிடுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நீங்க சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் இதுல கையெழுத்து."